நகம் கழற்றி வைக்கும் சுவர்

நகத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட வந்த முதல் பறவை ஒரு வைரி. புறா அளவே இருக்கும் அந்த வேட்டைப் பறவை, ஆனி மாதத்துச் சாரல் நின்று வெயில் லேசாக எட்டிப் பார்த்த ஒரு காலையில், எங்கள் சி பிளாக்கின் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து இறங்கியது. ஒரு காலைத் தூக்கி நான்கு நகங்களையும் அலகால் ஒவ்வொன்றாக உருவி வைத்தது, மறு காலைத் தூக்கி அந்த நான்கையும் உருவி வைத்தது. பிறகு, குளித்துவிட்டு ஈரக்காலோடு சிமென்டுத் தரையில் நடப்பவரைப் போல ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து, சிட்டுக்குருவிகளும் தினைக்குருவிகளும் மொய்த்துக்கொண்டிருந்த தேங்காய்ச் சிரட்டைப் பக்கம் போய், தலையைச் சாய்த்துக் கம்பு பொறுக்கத் தொடங்கியது. மூன்று பேர் உட்கார்ந்த பஸ் சீட்டில் நான்காவதாக ஒருவர் வந்தால் நகர்வது போலக் குருவிகள் கொஞ்சம் நகர்ந்துகொண்டன.

அதை முதலில் பார்த்தவர், அந்தச் சிரட்டைகளைக் கொடிக்கம்பியில் கட்டித் தரையோரம் வரை தாழத் தொங்கவிட்ட இரண்டாம் மாடி ஜெசிந்தா டீச்சர். துணி காயப்போடப் போனவர் பாதித் துணியைக் காயப்போட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்து, குழாயில் தண்ணீர் வருகிறது என்று சொல்லும் அதே குரலில், மேலே ஒரு பறவை நகத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று சொன்னார். முதல் மாடி ரகுமத்து அக்கா, கம்பு போதுமா, எங்கள் வீட்டில் கொஞ்சம் இருக்கிறது, தரட்டுமா என்று மட்டும் கேட்டார்.

எங்கள் குடியிருப்பு தென்காசிக்குக் கிழக்கே, அருவிக்குப் போகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்காத சாலையில் இருக்கிறது. நான்கு பிளாக்குகள். ஏ பிளாக்கில் ஒரு டாக்டர் இருந்தார். பி பிளாக்கில் டிவியில் ஒரு முறை பாடிய பெண் இருந்தாள். டி பிளாக்கில் நாள் முழுக்கத் தண்ணீர் வந்தது. எங்கள் சி பிளாக்கில் இருபத்து நான்கு வீடுகள் இருந்தன, அவ்வளவுதான். தபால்காரர்கூட எங்களை "நடுவுல உள்ள கட்டடம்" என்றுதான் சொல்வார். அப்படிப்பட்ட எங்கள் மாடிக்கு, வைரி வந்த ஒரு வாரத்தில் கரும்பருந்துகள் வந்தன, ஆடி பிறந்ததும் செம்பருந்துகள் இரண்டு வந்தன, வல்லூறு ஒன்று வந்தது, ஆடிப் பதினெட்டு அன்று மேற்கு மலையிலிருந்து, யாரும் அதுவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்திராத குடுமிக் கழுகு ஒன்று, மெத்தையை உதறி விரிப்பது போலச் சிறகை விரித்து வந்து இறங்கி, என் சுண்டுவிரல் நீளம் இருந்த எட்டு நகங்களையும் சுவரின் வடக்குக் கோடியில் கழற்றி வைத்துவிட்டுத் தன் முறைக்காகக் காத்து நின்றது. மற்ற பிளாக்குக்காரர்கள் மண்சட்டி தொங்கவிட்டார்கள், முந்திரியும் உலர்திராட்சையும்கூட வைத்துப் பார்த்தார்கள். அணில்தான் வந்தது.

ஒரு பிளாக்கில் இப்படி ஒன்று நடக்கும்போது, அதற்கென்று பழக்கங்கள் தாமாக உண்டாகிவிடுகின்றன. வீட்டுக்கு ஒரு கைப்பிடிக் கம்பு என்று முறை வந்தது. செம்பருந்தைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கமுள்ள வீடுகளில், அது தினமும் காலை எட்டு மணிக்கு வந்து ஒன்பது வரை தலைக்கு மேலே உட்கார்ந்திருந்ததால், எத்தனை முறை போடுவது என்று குழப்பம் வந்து, கடைசியில் வரும்போது ஒன்று, போகும்போது ஒன்று என்று முடிவானது. வெள்ளிக்கிழமை நகம் எடுக்கலாமா என்று சங்கச் செயலாளர் வீட்டம்மா ஒருநாள் கவலைப்பட்டார். அதற்கு மாடி பெருக்க வந்த முப்புடாதி அக்கா, வெட்டத்தான் கூடாது, கழற்றி வைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போக, அதுவே சட்டமானது. புருஷன் பெண்டாட்டி சண்டை மூண்ட வீடுகளில், "சோத்துக்கு முன்னால உக்காரும்போதாவது நகத்தக் கழட்டி வைங்க" என்ற குரல் கேட்க ஆரம்பித்தது. கழற்றியும் வைத்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பேச்சு வந்ததும் யாராவது ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

நகங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முப்புடாதி அக்காவுக்கு வந்ததற்குக் காரணம் செருப்பு. அவர் பத்தொன்பது வருடமாக எங்கள் பிளாக்கின் படிகளையும் நடைகளையும் பெருக்குகிறவர். வீட்டு வாசல்களில் கிடக்கும் செருப்புகளைத் தினமும் எடுத்து, பெருக்கி, திரும்ப வைப்பதில், யார் இடது குதிகாலை அழுத்தி நடப்பவர், யார் வலது பெருவிரலால் வாரை இழுப்பவர் என்று ஒவ்வொரு தேய்மானமும் அவருக்கு மனப்பாடம். ரகுமத்து அக்காவின் மகள் கல்யாணத்தன்று பந்தலுக்கு வெளியே குவிந்து கிடந்த நூற்றுக்கணக்கான செருப்புகளில், எங்கள் பிளாக்குக்காரர்கள் அத்தனை பேருடையதையும் தனியே பிரித்து வரிசையாக வைத்திருந்தார். சங்கச் செயலாளர் குற்றாலிங்கம், நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர், அதை நினைவில் வைத்து, பாதி கேலியாகத்தான், "செருப்பப் பாத்துக்கிடுத, இந்த நகத்தையும் பாத்துக்கோயேன்ளா" என்று மாடிச் சாவியை அவர் கையில் கொடுத்தார்.

முப்புடாதி அக்கா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து காலை ஏழரைக்கு முகம் கழுவி, துவைத்த சேலை கட்டி, ஒரு பிளாஸ்டிக் முக்காலியைச் சுவருக்கு நான்கடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். யாரையும் நகத்தைத் தொட விடவில்லை, தானும் தொடவில்லை. பறவைகள் அப்படியே கழற்றிப் போட்ட நிலையில், சில குப்புறவும் சில மல்லாந்தும், எச்சத்துக்கு நடுவிலும், தேங்கிய மழைத்தண்ணீரிலும் கிடக்கும். ஒன்பதரைக்குக் கடைசிப் பறவையும் மாட்டிக்கொண்டு பறந்த பிறகுதான் சுவரைக் கழுவுவார். கழற்றி வைத்த இடத்துக்கே ஒவ்வொன்றும் நேராகத் திரும்பி வருவதையும், நகத்தைப் பார்க்காமலே காலை அதன்மேல் வைத்து அழுத்துவதையும், சுவரின் வடக்குக் கோடி கழுகுடையது, தண்ணீர்க் குழாய் ஓரமாகத் தெற்குக் கோடி வைரியுடையது என்பதையும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார். நாங்கள் கேட்டுக்கொண்டோம். ஏ பிளாக்குக்காரர்களிடம் அதை நாங்களே கண்டுபிடித்தது போலச் சொல்லவும் செய்தோம்.

புரட்டாசியில் இந்தச் சேதி, மாவட்டத்துப் பெரிய அதிகாரி ஒருவர் காதுக்குப் போய், ஒரு வியாழக்கிழமை குடும்பத்தோடு பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. அதே வியாழக்கிழமை கடையநல்லூரில் முப்புடாதி அக்கா மகளுக்கு வளைகாப்பு. புதன்கிழமை சாயங்காலம் அவர் சாவியைச் செயலாளர் வீட்டில் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, ஒண்ணையும் தொடாதிய. அது வச்ச மாதிரியே கெடக்கட்டும்" என்று சொன்னார். அவர் சரி என்றார். படியில் நின்றிருந்த நாங்களும் சரி என்றோம்.

நாங்கள் அந்தச் சொல்லைக் காப்பாற்றவே நினைத்தோம். ஆனால் வியாழக்கிழமை காலை எட்டரைக்கு மாடி ஏறிப் போய் அந்தச் சுவரைப் பார்த்தபோது, எங்கள் இருபத்து நான்கு வீட்டுக்கும் ஒரே சமயத்தில் கை பரபரத்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலும், பாங்கியிலிருந்து விசாரிக்க வருகிறார்கள் என்றாலும், யார் வந்தாலும், அவர்கள் படியேறும் முன்பே ஓடிப்போய் வாசலில் கிடக்கும் செருப்புகளைச் சேர்த்து வைக்கிறவர்கள் நாங்கள். பெரிய அதிகாரி வரும்போது நகங்கள் எச்சத்தில் மல்லாந்து கிடப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? செயலாளர் வீட்டம்மா கஞ்சி போட்ட ஒரு வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து சுவரின் மேல் விரித்தார். ரகுமத்து அக்கா நகங்களை ஈரத்துணியால் துடைத்தார். ஜெசிந்தா டீச்சர் தேங்காயெண்ணெய் தடவினார். மூன்றாம் மாடியிலிருந்து நான் மஞ்சள்பொடி எடுத்துக்கொண்டு போய், எண்ணெய்க் கிண்ணத்தில் குழைத்துக் கொடுத்தேன். குற்றாலிங்கம் அண்ணாச்சி ஒரு நீளமான அளவுகோலோடு வந்து, பெரியதிலிருந்து சிறியது வரை, தெற்கிலிருந்து வடக்காக, இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு அத்தனையையும் அடுக்கினார். பறவைகள் சிரட்டைகளை விட்டுத் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தன, பிறகு தின்றன. அதிகாரி வந்தார், எவ்வளவு ஒழுங்கு என்று வியந்தார், போட்டோ எடுத்துக்கொண்டார். அன்று எங்கள் பிளாக்கில் அடுப்பு மூட்டிய அத்தனை வீட்டிலும் பாயசம் வைத்தார்கள்.

பறவைகள் திரும்பி வந்து தங்கள் தங்கள் இடத்தில் காலை வைத்து அழுத்திக்கொண்டு போயின. பருந்துகளுக்குள் மாறிப்போனது பெரிதாகத் தெரியவில்லை, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. கழுகு மட்டும் தாழ்வாகப் பறந்து தண்ணீர்த் தொட்டி மேல் போய் உட்கார்ந்தது. நிறையத் தின்றுவிட்டது போல என்று நினைத்துக்கொண்டோம். வைரி எந்தப் பக்கம் போனது என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாளும் கழுகு தொட்டி மேலேயே இருந்தது. இரைக்கு இறங்கவில்லை, மலைக்கும் போகவில்லை. கீழேயிருந்து பார்த்தால் அதன் கால்விரல்கள் வெறுமையாகத் தெரிந்தன. சுவரிலும் கழுகின் நகங்கள் இல்லை. அன்று காலை வேலைக்கு வந்த முப்புடாதி அக்கா சாவியை வாங்கிப் போய் முக்காலியில் உட்கார்ந்தார். சுவரில் எச்சம் ஒரு பொட்டு இல்லாததையும், மஞ்சள் வாசனையையும், தெற்குக் கோடிக்கு வைரி வராததையும், தொட்டி மேல் கழுகு உட்கார்ந்திருந்ததையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டேயிருந்தார். கீழே அதற்குள் பேச்சு பிறந்துவிட்டது. புலிநகம் கோத்துப் பிள்ளை கழுத்தில் போடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வாயும் வயிறுமாக இருக்கும் மகளுக்கு வளைகாப்பு நடத்திவிட்டு வந்திருக்கிறாள், பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கழுகு நகம் கோத்துப் போட்டால் பயம் அண்டாது, வேறு யாருக்கு அது தேவைப்படும் என்று யாரோ சொன்னார்கள். அந்த யாரோ யார் என்று இன்றுவரை தெரியாது, ஏனென்றால் சாயங்காலத்துக்குள் எல்லோரும் அதைச் சொல்லியிருந்தோம்.

கீழே நுழைவாயிலில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கிறது. செயலாளர் அதில், வரைபடத் தலைப்பு எழுதும் அச்சுப் போன்ற கையெழுத்தில், கழுகின் நகங்கள் எட்டு காணாமல் போய்விட்டன, மாடிச் சாவி முப்புடாதியின் பொறுப்பில் இருந்தது என்று எழுதி ஒட்டி, அடியில் சிவப்புக் கோடு போட்டார். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வண்டி நிறுத்தும் கொட்டகையில் சங்கம் கூடியது. நாற்காலி எல்லோருக்கும் இருந்தது. முப்புடாதி அக்கா தூணுக்குப் பக்கத்தில் நின்றார்.

"வியாழக்கிழம சாவி யாருட்ட இருந்துச்சு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"எங்கிட்டதான் இருந்துச்சு. அதுக்காக? எது எந்தப் பறவ நகம்னு வெவரம் தெரிஞ்சவ நீ ஒருத்திதான."

"வெவரம் தெரிஞ்சவதான் களவாங்குவாளோ. சரி. நா இல்லாத அன்னைக்கு யாராவது அதத் தொட்டியளா?"

அந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தொடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தவர்கள் நாங்கள், வாக்குக் கொடுத்தது மாடி பெருக்குகிறவரிடம் என்பதால் அதை மீறியது எங்களுக்கு மறந்தும் போயிருந்தது, இப்போது அவர் எல்லோர் முன்னாலும் நின்று கேட்டபோது அந்த வாக்கு திடீரென்று பெரிதாகிவிட்டது. எண்ணெய் தடவிய கைகள் மடியில் கிடந்தன. ஜெசிந்தா டீச்சர் வாயைத் திறந்து, திறந்த வாயால் கொட்டாவி விட்டார். தொடவில்லை என்று செயலாளர் சொன்னார். தொடவில்லை என்று பின்னாலிருந்து நாலைந்து குரல்கள் சொல்லின.

முப்புடாதி அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இத இனிமே நா தொட மாட்டேன். ஆனா வேலைய விட்டுப் போவன்னு நெனைக்காதிய. களவாணின்னு பேர் வச்ச எடத்துலருந்து எறங்கிப் போனா, அந்தப் பேரு நெசமாயிரும். இங்கனதான் நிப்பேன்."

சனிக்கிழமை அவர் வழக்கம் போல வந்து பெருக்கினார். ஆறேழு வீட்டில் செருப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டிருந்தார்கள். வெட்கத்தினாலா, பயத்தினாலா, அவர்களுக்கே தெரிந்திருக்காது. செருப்பில்லாத வாசல்களின் முன்னால் அவர் ஒரு கணம் குனிந்து, எடுக்க ஒன்றும் இல்லாமல் நிமிர்ந்து, அடுத்த வாசலுக்குப் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் செருப்பு வெளியேதான் கிடந்தது. அதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. மாடியில் கழுகு கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தது. கோழித்தலை, மீன்குடல், நாட்டுமுட்டை என்று என்னென்னவோ கொண்டுபோய் வைத்தார்கள், அது பார்க்கவே இல்லை. மற்றப் பறவைகள் வருவதும் குறைந்தது. சிரட்டைகளில் கம்பு நனைந்து முளைவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். பூஞ்சாரல் விழுந்துகொண்டிருந்தது. முப்புடாதி அக்கா வெளிவாசல் கேட்டுப் பக்கம் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். அப்போது மெயின் ரோட்டிலிருந்து எங்கள் சந்துக்குள் வைரி நடந்து வந்தது. பறந்து அல்ல, நடந்து. அதன் இரண்டு காலிலும் கழுகின் நகங்கள். அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்ட சின்னப்பிள்ளை போல ஒவ்வொரு காலையும் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, முன்னால் எறிந்து, அதை நோக்கி உடம்பை இழுத்து, மூன்று நாளாக எங்கெங்கோ நடந்த சேறு மார்பு வரை அப்பியிருக்க, டக், டக் என்று சிமென்டில் சத்தம் வர, கேட்டைக் கடந்து உள்ளே வந்தது. அந்தக் கனத்தோடு அதனால் ஒரு சாண்கூடப் பறக்க முடியவில்லை. சாப்பிடும் இடம் எது என்று மட்டும் அதற்குத் தெரிந்திருந்தது.

முப்புடாதி அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தார். யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் டக், டக் என்ற சத்தத்துக்குத் தரைத்தளத்து ஜன்னல்கள் திறந்தன, பிறகு கதவுகள் திறந்தன. வைரி படிக்கட்டின் முதல் படிக்கு முன்னால் நின்று மேலே பார்த்தது. எழுபத்து இரண்டு படிகள். அது ஒரு காலைத் தூக்கிப் படியில் எறிந்து, சறுக்கி, கீழே விழுந்தது.

"ஐயோ, பாவம்ளா அது, தூக்கிக் கொண்டுபோய் மாடியில விட்டுரு" என்றார் செயலாளர் வீட்டம்மா.

"தூக்குனா, நாந்தான் எங்கயோ ஒளிச்சுவச்சுக் கொண்டாந்து விட்டேன்னு சொல்லுவிய" என்றார் முப்புடாதி அக்கா. "எங் கை படாது. அது நடந்தே போவட்டும். எத்தன நேரமானாலும் நா பின்னாலயே வாரேன்."

அது நடந்தது. ஒரு படிக்கு மூன்று முறை விழுந்து, நான்காவது முறை ஏறியது. முப்புடாதி அக்கா இரண்டு படி பின்னால், அது விழுந்தால் விழட்டும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆனால் அது விழும் ஒவ்வொரு முறையும் தன் முழங்காலும் மடங்க, ஏறினார். பத்துப் படி போனதும் கீழேயிருந்து செயலாளர் வீட்டம்மாவின் குரல் வந்தது. வேட்டி எங்கள் வீட்டு வேட்டிதான் என்று அந்தக் குரல் சொன்னது. முப்புடாதி அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் மாடியில் ரகுமத்து அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றார். வைரி அந்த நடையைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரம் முழுக்க நின்றுவிட்டு, அடுத்த படியில் அது காலை வைத்தபோது, துடைத்தது நான் என்று சொன்னார். இரண்டாம் மாடியில் ஜெசிந்தா டீச்சர் காத்திருக்கவேயில்லை, பாதிப் படி இறங்கி வந்து, எண்ணெய் தடவினேன், அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், கொட்டாவி விட்டேன் என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வைரிக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார். ஒவ்வொரு வாசலிலும் யாராவது ஒருவர் எதையாவது சொன்னார்கள், சிலர் கேட்கும்படி, சிலர் கேட்காதபடி. சொன்னவர்கள் பின்னால் சேர்ந்து ஏறினார்கள். மூன்றாம் மாடிக்கு அந்தச் சத்தம் வந்தபோது நானும் வாசலுக்கு வந்தேன். மஞ்சள் என்று மட்டும்தான் வாயில் வந்தது. முப்புடாதி அக்கா என்னைப் பார்த்தார்.

"வாசம் அன்னைக்கே தெரிஞ்சுதும்மா" என்றார்.

மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. அதற்கு முன்னால், கையில் சாவியோடு, குற்றாலிங்கம் அண்ணாச்சி நின்றிருந்தார். எப்போது மேலே போனார் என்று தெரியவில்லை. எங்கள் எல்லோரையும் விட அதிக நேரம் அந்தச் சத்தம் படிப்படியாக ஏறி வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் அவர்தான். வைரி அவர் காலடியில் வந்து நின்று, கழுகின் நகத்தை அவர் செருப்பு ஓரத்தில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கியது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். முப்பத்து நான்கு வருடம் ஊருக்கெல்லாம் எல்லை போட்ட மனிதர், வடக்கில் கிடந்ததைத் தெற்கிலும் தெற்கில் கிடந்ததை வடக்கிலும் தானே மாற்றி வைத்துவிட்டதை அப்போதுதான் கண்டார்.

"அடுக்குனது நாந்தான்" என்றார். "தொடலன்னு சொன்னதும் நாந்தான். எடுத்தது நீயில்ல முப்புடாதி."

"கதவத் தொறங்க அண்ணாச்சி. அது நிக்க முடியாம நிக்கி."

கதவு திறந்தது. வைரி சாரலில் நனைந்தபடி தெற்குக் கோடி வரை நடந்தது. சுவர் ஏற முடியாமல் நின்றபோது, முப்புடாதி அக்கா தன் பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுபோய்ச் சுவரோரம் போட்டார். அது முக்காலியில் ஏறி, சுவரில் ஏறி, குழாய் ஓரமாகத் தன் இடத்தில் நின்று, எட்டு நகங்களையும் ஒவ்வொன்றாக உருவி வைத்தது. அதைப் பார்த்துக்கொண்டேயிருந்த கழுகு தொட்டியிலிருந்து, இறங்கியது என்பதைவிட விழுந்தது என்று சொல்லலாம், வடக்குக் கோடிக்கு வந்து, தன் பருத்த விரல்களின் நுனியில் ரோஜா முள் போல ஒட்டிக்கொண்டிருந்த எட்டுச் சின்ன நகங்களைக் கழற்றி வைத்தது. அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் அவை தெரிந்தன. இரண்டும் இறங்கிச் சிரட்டைகளை நோக்கிப் போயின. ரகுமத்து அக்கா அவசரமாகப் போட்ட புதுக் கம்பில், மூன்று நாள் பட்டினி கிடந்த கழுகும், மூன்று நாள் நடந்த வைரியும், ஒன்றின் தலை மற்றதன் கழுத்தடியில் இடிக்க, சேர்ந்து தின்றன.

முப்புடாதி அக்கா எங்களை நான்கடி தள்ளி நிற்கச் சொன்னார். நின்றோம். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, முதல்முறையாக அந்த நகங்களைத் தொட்டு எடுத்தார். கழுகுடையதை இரண்டு கையிலும் ஏந்தி வடக்குக் கோடிக்குக் கொண்டுபோனார். அளவு பார்த்து அல்ல, வரிசை பார்த்து அல்ல, அது எப்போதும் கழற்றிப் போடுகிற விதத்தில், காலுக்கு மூன்றைக் குப்புறவும் ஒன்றை மல்லாத்தியும், வலது காலுடையதைச் சுவர் விளிம்புக்குக் கிட்டவும் வைத்தார். ஒரு நகத்தை வைத்துவிட்டு, யோசித்து, அரைவிரல் திருப்பினார். பிறகு வைரியுடையதை உள்ளங்கையில் பொத்திக் கொண்டுவந்து குழாய் ஓரமாகச் சிந்தினார். சாப்பிட்டு முடித்த கழுகு வந்து, குனிந்து பார்க்காமலே காலை வைத்து அழுத்தியது. அழுத்திய மாத்திரத்தில் அதன் குடுமி சிலிர்த்து எழுந்தது. ஒரு முறை சிறகடித்ததில் எங்கள் அத்தனை பேர் முகத்திலும் தண்ணீர் தெறித்தது, இரண்டாம் முறை அடித்ததில் கொடிக்கம்பி ஆடியது, மூன்றாம் முறைக்கு அது தென்னைகளுக்கு மேலே மேற்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வைரி போனதை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். குழாய் ஓரம் காலியாக இருந்தது.

செயலாளர் சாவியை நீட்டினார். முப்புடாதி அக்கா கையை நீட்டவில்லை.

"பலகையில எழுதி ஒட்டினியள்ல. இதையும் எழுதி ஒட்டுங்க. பொறவு வாங்கிக்கிடுதேன்."

அண்ணாச்சி அன்றைக்கே எழுதினார். மூன்று தாள் கிழித்துப் போட்டு நான்காவதில் எழுதியதாக அவர் வீட்டம்மா சொன்னார். வியாழக்கிழமை நகங்களைத் தொட்டவர்கள் நாங்கள். தொடவில்லை என்று சொன்னவர்களும் நாங்கள். முப்புடாதி எதையும் எடுக்கவில்லை. அவ்வளவுதான். கீழே அவர் கையெழுத்துப் போட்டார். அது தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டு ஜெசிந்தா டீச்சர் கண்ணாடியைத் திறந்து தானும் போட்டார். அதன் பிறகு ஆள் மாற்றி ஆள் வந்து, பேனா கொண்டுவராதவர்களுக்குப் பேனா கொடுத்து, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் இருபத்து நான்கு வீட்டுக் கையெழுத்தும் விழுந்துவிட்டது. மறுநாள் காலை முப்புடாதி அக்கா அதன் முன்னால் நின்று முதலிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை நிதானமாக வாசித்தார். பிறகு சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பறவைகள் வரும் நேரமாகிவிட்டது என்று மாடி ஏறினார். அன்று எல்லா வாசலிலும் செருப்பு கிடந்தது.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பறவைகள் வருகின்றன, இந்த வருடம் தேன்பருந்து ஒன்று புதிதாக வந்திருக்கிறது. வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அந்தப் பெரிய அதிகாரி மாற்றலாகிப் போகும் முன் மறுபடி வந்தார். படியேறும் முன் பலகையை வாசித்துவிட்டு, இதை ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறீர்கள், உங்களுக்கே கேவலமாக இல்லையா என்று கேட்டார். குற்றாலிங்கம் அண்ணாச்சி நிமிர்ந்து நின்று, இருக்கட்டும் சார், அது எங்க பிளாக்குது என்றார். ஏ பிளாக்கில் டாக்டர் இருக்கலாம், பி பிளாக்கில் பாடகி இருக்கலாம், இருபத்து நான்கு வீடும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட இப்படி ஒரு தாள் யாரிடமும் இல்லை.

கண்ணாடியை முப்புடாதி அக்கா தினமும் துடைக்கிறார். மாடிப்படிக் கைப்பிடியைத் துடைப்பது எப்படியோ அப்படித்தான், அதற்கு மேல் ஒரு இழுப்பு இல்லை, குறைவும் இல்லை. முதல் நாளுக்குப் பிறகு அவர் அதை வாசிப்பதில்லை. வாசிப்பது நாங்கள்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பும் ஒவ்வொரு முறையும், முதல் வரியிலிருந்து எங்கள் கையெழுத்து வரை.